சஹனில் நாலாவது ஆள்

ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். அதில் மூன்று பேரைப் பிடிப்பதில் கொங்கு மண்டல சமத்துவ சமூக நீதிப் பேரவைக்கு ஒருநாளும் கஷ்டம் இருந்ததில்லை. பேரவைத் தலைவர் நசுருதீன் எப்படியும் இருப்பார். கட்சிப் பேச்சாளர் கௌதமனுக்கு மைக் இருக்கிறது என்று சொன்னால் போதும், மழையானாலும் வந்துவிடுவார். கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்று, ஓய்வு பிடிக்காமல் போன பேராசிரியர் சைமன் கூப்பிடுவதற்கு முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். தகராறு எப்போதும் நாலாவது ஆளில்தான். நாலாவது ஆள் அடிமட்டத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். அப்படி வந்தவர் என்று சொல்லாமலே தெரிய வேண்டும். ஆனாலும் மேடைக்கு ஏற்ற மாதிரி வெள்ளைச் சட்டை வைத்திருக்க வேண்டும். முக்கியமாக, கேள்வி கேட்கக் கூடாது. இத்தனை யோக்கியதையும் உள்ள ஒருவரை ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடித்தான், சூலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த இத்ரீஸைப் பிடித்தார்கள்.

சஹன் என்றால் பெரிய தாம்பாளம். முஸ்லிம் கல்யாண வீடுகளில் அதில் பிரியாணியைக் குவித்து நடுவில் வைப்பார்கள். சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவார்கள். கடைக்காரரும் கடையில் மூட்டை தூக்குகிறவரும் ஒரே சஹனில் உட்காருவது உண்டு. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறார்கள், எழுந்து போகிறார்கள்.

இத்ரீஸ் இந்த மார்க்கத்துக்கு வந்ததே அப்படியொரு சஹன் வழியாகத்தான். அப்போது அவர் பெயர் ஐயாசாமி, ஊர் அன்னூர்ப் பக்கம், தகப்பன் காலம் தொட்டுப் பண்ணையக் கூலி. இருபத்தாறு வயதில், கோட்டைமேட்டில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போனார். வேலை முடிந்து, பழக்கதோஷத்தில் பின்பக்கச் சுவரோரம் போய் நின்றார். அவர் ஊரில் வேலைக்குப் போன இடத்தில் சோறு என்றால் சுவரோரம்தான், இலையும் அவரேதான் கொண்டுபோக வேண்டும். யாரோ ஒரு பெரியவர் வந்து, கிரீஸ் படிந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் சஹனில் உட்காரவைத்தார். தன் பக்கமிருந்த கறித்துண்டைப் பிய்த்து இவர் பக்கம் தள்ளினார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஒரு ஆள் அழுதுகொண்டே பிரியாணி தின்றதை அன்றைக்கு மூன்று பேர் பார்த்தார்கள். யாரும் போட்டோ எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஐயாசாமியும் அவர் மனைவி மயிலாத்தாளும் கலிமா சொல்லி முஸ்லிம் ஆனார்கள். அவர் இத்ரீஸ் ஆனார், அவள் மைமூன் ஆனாள். அதற்கடுத்த வருஷம் சாரா பிறந்தாள். இதெல்லாம் நடந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. இத்ரீஸ் ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிற மனிதர். நோன்புக்காலத்தில் காயில் கட்டும்போது வார்னிஷ் வாடை தொண்டைக்குள் இறங்கினால்கூட நோன்பு முறிந்துவிடுமோ என்று பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டுவிட்டு வருவார்.

பேரவை அவரைக் கண்டுபிடித்தது நாலு வருஷத்துக்கு முன்பு. கண்டுபிடித்த நாளிலிருந்து, 'இஸ்லாம் காட்டும் சமூக நீதியும் இன்றைய அரசியலும்' என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கு விடாமல் அவர்தான் நாலாவது ஆள். தலைப்பு மட்டும் மாறவே மாறாது. போன வருஷ பேனரில் தேதியை மட்டும் வெட்டி ஒட்டி ஓட்டிவிடுவார்கள்.

மேடைச் சஹனுக்கு என்று தனி இலக்கணம் இருக்கிறது. முதலில் கை நாலும் ஒரே நேரத்தில் சோற்றுக்குள் போக வேண்டும். போன கை அங்கேயே நிற்க வேண்டும். போட்டோக்காரர் நாலு பக்கமும் சுற்றி வருவார். "அண்ணா, உங்க கை கேமராவுக்குத் தெரியலீங்க, கொஞ்சம் மேல தூக்குங்க" என்பார். இத்ரீஸின் கை மட்டும் கறுப்பாக, வார்னிஷ் ஏறி, நன்றாகத் தெரியும்படி முன்னால் இருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு கவளம். பிறகு மூன்று பேரும் கைகழுவிவிட்டுப் பேசப் போவார்கள். சஹனை எடுத்து ஓரத்தில் வைப்பார்கள். மதியத்துக்கு மேல் டிவிக்காரர்கள் வந்தால் மறுபடி அதே சஹன், அதே சோறு, அதே நாலு கை. பேச்சு முடிந்து சாப்பிடப் போகும்போது தலைவர்களுக்கு உள்ளே டேபிள் போட்டிருக்கும். இத்ரீஸ் சூலூர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, மைமூன் வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிடுவார்.

பேச்சுகளையும் கொஞ்சம் சொன்னால்தான் ருசி தெரியும். தலைவர் நசுருதீன் இத்ரீஸின் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசுவார்.

"நம்ம மார்க்கத்துல ஏற்றத்தாழ்வுக்கு இடமே இல்லீங்க! இதோ என்ற பக்கத்துல இருக்கறாரே, இவரு எப்பேர்ப்பட்ட எடத்துல இருந்து வந்தவருன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அவரோட ஒரே தட்டுல நான் கை வெச்சேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுங்களா? ஒண்ணும் ஆகலீங்க! நல்லாத்தான் நின்னுட்டு இருக்கறேன்!"

கைதட்டல் எழும். இத்ரீஸும் தட்டுவார், பக்கத்தில் இருப்பவர்கள் தட்டுகிறார்களே என்று.

கௌதமன் எழுந்தால் மேடை அதிரும். "சமூக நீதி எங்கள் இயக்கத்தின் உயிர்மூச்சு! இந்தச் சகோதரர் பிறந்த சமூகத்திலிருந்து ஒருவரை மாவட்டப் பொறுப்புக்குக் கொண்டுவர வேண்டுமென்று எங்கள் இயக்கம் நேற்று முடிவெடுக்கவில்லை தோழர்களே, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த முடிவில் உறுதியாக இருக்கிறது! இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அந்த உறுதி குலையாது!"

பேராசிரியர் சைமன் அமைதியானவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். "எங்கள் சபையைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் என் பாட்டனார் காலத்திலேயே தீர்ந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள சுவர் விஷயம் மட்டும் கோர்ட்டில் இருப்பதால் அதைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையாகாது."

இத்ரீஸுக்குப் பேச்சுக் கிடையாது. நாலாவது ஆள் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் ஒருபோதும் போட்டதில்லை.

அவருக்கு இருந்த மனக்குறை ஒன்றே ஒன்று. பேனரில் அவர் பெயரை 'ஐயாசாமி (எ) இத்ரீஸ்' என்று போட்டார்கள். முதல் வருஷம் ஏதோ தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று இருந்தார். இரண்டாம் வருஷம், ஒரே ஒரு தடவை பேனரைப் புதிதாக அடித்தபோது, ஐயாசாமி பெரிய எழுத்தாகவும் இத்ரீஸ் சின்ன எழுத்தாகவும் ஆனது. தயங்கித் தயங்கித் தலைவரிடம் போய் நின்றார்.

"ஏனுங்க தலைவரே, அந்தப் பழைய பேரை எடுத்துப்போடலாமுங்களா? அதை உட்டு ரொம்ப நாளாச்சுங்க."

நசுருதீன் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இந்தக் கதையில் உள்ள பெரிய தொல்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு இத்ரீஸை உட்காரவைத்து, டீ வரவழைத்து, பொறுமையாக விளக்கினார். "பாய், நல்லா யோசிச்சுப் பாருங்க. பழைய பேரு இல்லீன்னா நீங்க யாருங்க? வெறும் ஒரு பாய். ஒரு பாயும் இன்னொரு பாயும் ஒண்ணா உக்காந்து சோறு தின்னா அதுல என்னங்க சேதி இருக்குது?"

இத்ரீஸ் டீயைக் குடித்துவிட்டு வந்தார். வெறும் ஒரு பாயாக இருக்கத்தானே இங்கே வந்தோம் என்று பஸ்ஸில்தான் அவருக்குத் தோன்றியது. தோன்றும்போது பஸ் ஒண்டிப்புதூர் தாண்டிவிட்டது.

பேரவையில் ஒரு உறுப்பினர் பதிவேடும் இருந்தது. அதில் பேர், ஊர், தொழில், வகையறா என்று கட்டங்கள். நம்மிடம் வேற்றுமை கிடையாது, ஆனாலும் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. அதனால் இத்ரீஸுக்கு அந்தக் கட்டத்தில் 'புதியவர்' என்று போட்டார்கள். இருபத்து மூன்று வருஷமாகப் புதியவர். பிறந்ததிலிருந்தே பாங்கு சத்தம் கேட்டு வளர்ந்த சாராவுக்கும் அதில் 'புதியவர்' என்றுதான் இருந்தது. எத்தனை வருஷம் ஆனால் பழையவர் ஆவார்கள் என்று விதிமுறையில் எங்கும் எழுதவில்லை.

சாரா கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். தகப்பனைப் போல அடங்கின பேச்சு, தாயைப் போல நிமிர்ந்த நடை. அதே ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் வேலை பார்த்தான் அஃபான். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது. ஒளிவு மறைவு இல்லாமல் வீட்டில் சொன்னான். அவன் தகப்பனார் சிக்கந்தர் சிங்காநல்லூரில் மெத்தைக்கடை வைத்திருக்கிறவர். மனைவியைக் கூட்டிக்கொண்டு சூலூருக்கு வந்து பெண் பார்த்தார்.

"சொந்த ஊரு எதுங்க?" என்று கேட்டார் சிக்கந்தர்.

"அன்னூருங்க," என்றார் இத்ரீஸ்.

"அன்னூருங்களா. நல்ல ஊருங்க. தண்ணிதான் இல்ல."

அதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி அவருக்குத் தெரியும், அதற்கு வரப்போகிற பதிலும் தெரியும். கேட்காமல் இருந்தால் தெரியாத மாதிரி இருக்கலாம். தெரியாத மாதிரி இருந்தால் மகன் ஆசைப்பட்ட பெண்ணை நிம்மதியாக வீட்டுக்குக் கொண்டுவரலாம். உலகத்தில் பாதி நல்ல காரியம் இப்படிக் கேட்காமல் விட்ட கேள்வியில்தான் நடக்கிறது. சிக்கந்தரின் மனைவி சாராவின் தலையில் பூ வைத்தாள், கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். நிக்காஹுக்குத் தேதி குறித்தார்கள்.

அவர்கள் போனபின் மைமூன் அடுப்படியில் போய் நின்று சத்தமில்லாமல் அழுதாள். இத்ரீஸ் பதறிப்போய் என்னவென்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள். "நம்மள என்னன்னு கேக்காமயே ஒருத்தரு பொண்ணெடுக்கறாரு. நம்ம காலத்துலயே பாத்துட்டமுங்களே."

இங்கேதான் இத்ரீஸ் ஒரு தப்புச் செய்தார். பேரவையின் மாபெரும் மாநாடு, நிக்காஹுக்கு இரண்டு வாரம் முன்னால் வந்தது. ஆயிரம் பேர், இருநூற்றைம்பது சஹன், மேடையில் ஒரு சஹன். இந்தத் தடவை மட்டும் தன்னை விட்டுவிடச் சொல்லலாம் என்று போனவர், காரணத்தையும் சொல்லித் தொலைத்தார்.

"மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறனுங்க தலைவரே. மாப்பிள்ளை ஊட்ல நல்ல மனுசங்க. இந்த நேரத்துல அந்தப் பேரு, பேனரு எல்லாம் வேண்டாமுன்னு பாக்கறனுங்க. இந்த ஒரு வாட்டி வேற ஆளைப் பாத்துக்குங்க."

"மாப்பிள்ளை ஊடு யாருங்க?"

"சிங்காநல்லூர் மெத்தைக்கடை சிக்கந்தர் பாயிங்க."

நசுருதீன் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. இத்ரீஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பாய், இத்தனை நாளா நாம சோத்தத்தான் காட்டிட்டு இருந்தோம். நீங்க சம்பந்தத்தையே கொண்டாந்துட்டீங்க! நீங்க மேடைக்கு வர வேண்டாம். ஊட்டுல கல்யாண வேலையப் பாருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்." இத்ரீஸ் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

மற்றதை அவர் பார்த்துக்கொண்டார். நாலாம் நாள் காலையில் சூலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து உக்கடம் வரைக்கும் பதினாறு இடத்தில் ஃபிளக்ஸ் எழுந்து நின்றது. இடது பக்கம் 'அன்று' என்று போட்டு, மேல்சட்டை இல்லாமல் மண்வெட்டியோடு நிற்கிற ஒரு ஆள். அது இத்ரீஸே இல்லை, எங்கிருந்தோ எடுத்த யாரோ ஒரு பாவப்பட்ட மனிதனின் படம். வலது பக்கம் 'இன்று' என்று போட்டு, தொப்பியோடு சஹனில் கைவைத்திருக்கிற இத்ரீஸ். கீழே அன்னூரில் அவர் பிறந்த காலனியின் பெயர், தகப்பன் பெயர், ஜாதிப் பெயர். அதற்கும் கீழே பூப்போட்ட வட்டத்துக்குள் சாரா, இன்னொரு வட்டத்துக்குள் அஃபான். 'தடைகளை உடைத்த சிங்காநல்லூர் சிக்கந்தர் பாய் குடும்பத்தாருக்குப் புரட்சி வாழ்த்துகள்' என்று சிவப்பு எழுத்து. அதை வாட்ஸப்பிலும் போட்டார்கள். மத்தியானத்துக்குள் சிக்கந்தரின் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் அது வந்து சேர்ந்தது.

கௌதமனின் கட்சி அதே படத்தின் ஓரத்தில் தங்கள் தலைவர் முகத்தை ஒட்டிப் பரப்பியது. எதிர்க்கட்சி முகத்தை மாற்றி ஒட்டியது.

சாயங்காலம் சிக்கந்தர் போன் செய்தார். "பாய், கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமுங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

இத்ரீஸ் போனைக் காதில் வைத்தபடியே வெகுநேரம் நின்றார். அப்புறம்தான் அது கட்டாகிவிட்டது தெரிந்தது.

அஃபான் சாராவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். 'எங்க அத்தாவுக்கு முன்னாடியே தெரியும் சாரா. ஊருக்குத் தெரியாம இருந்தாப் போதும்னு இருந்தாரு. இப்ப என் தங்கச்சிங்களுக்கு வந்த ரெண்டு எடமும் கூப்புட்டு விசாரிக்கறாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.' சாரா அதைப் படித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். அன்றைக்கு அறுபது பேருக்கு இரத்தம் எடுத்தாள். ஒருத்தருக்கும் ஊசி தப்பவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தா," என்று தகப்பனைக் கூப்பிட்டாள். "அந்தப் படம் பொய்யி, ஆனா எழுதினதுல பொய்யா ஒண்ணும் இல்லீங்கத்தா. அப்பறம் நமக்கு எதுக்கு இவ்வளவு அசிங்கமா இருக்குது?"

இத்ரீஸ் மகளின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

அவர் பேரவைக்குப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாகப் புகார் என்று ஒன்றை எழுதிக் கொடுத்தார். பேரவை அதை மிகவும் மரியாதையாக வாங்கிக்கொண்டது. விசாரிக்க மூவர் குழு அமைத்தது. மூவர் யாரென்றால் நசுருதீன், கௌதமன், சைமன். குழு மூன்று அமர்வு உட்கார்ந்தது. ஒவ்வொரு அமர்விலும் பிரியாணி உண்டு, தனித்தனித் தட்டில். இத்ரீஸை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கடைசியில் உள்ளே கூப்பிட்டுத் தீர்மானத்தை வாசித்தார்கள். வாசித்தவர் பேராசிரியர் சைமன், அவருக்குத்தான் உச்சரிப்பு நன்றாக இருக்கும்.

"இஸ்லாமியச் சமுதாயத்தில் பிறப்பின் அடிப்படையில் ஏற்றத்தாழ்வு பார்ப்பது அறவே கிடையாது என்பதைக் குழு ஒருமனதாகப் பதிவு செய்கிறது. இல்லாத ஒன்றின் காரணமாக ஒரு திருமணம் நின்றுபோக முடியாது என்பது தெளிவு. ஆகவே மேற்படி திருமணம் நின்றுபோனதாகக் கருத இடமில்லை என்றும், புகார் எழ வாய்ப்பே இல்லை என்றும் குழு முடிவு செய்கிறது."

இத்ரீஸ் நின்றுகொண்டே கேட்டார். மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நின்னுபோச்சுங்களே," என்றார்.

"உணர்ச்சிவசப்படாதீங்க பாய்," என்றார் நசுருதீன். "மார்க்கம் என்ன சொல்லுது? அரபிக்கும் அரபி இல்லாதவருக்கும் வித்தியாசமில்ல, வெள்ளைக்கும் கறுப்புக்கும் வித்தியாசமில்லன்னு நபிகள் சொன்னாங்களா இல்லீங்களா?"

"சொன்னாங்கங்க. அதுக்குத்தானுங்க வந்தேன். மார்க்கத்தைப் பத்தி நான் ஒரு சொல்லும் சொல்லலீங்க. நான் கேக்கறது நம்மளைப் பத்திங்க."

நாலு வருஷத்தில் நாலாவது ஆள் பேரவையை எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. நசுருதீனின் முகம் ஒரு நிமிஷம் உண்மையிலேயே வாடிப்போனது. தன் மகனுக்கு இப்படி ஒரு பெண் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவர் யோசித்தாரோ என்னவோ. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்மளைப் பத்திப் பேசினா மார்க்கத்துக்குக் கெட்ட பேருங்க பாய். அதுக்கு எதிரிக காத்துட்டு இருக்காங்க."

கௌதமன் குறுக்கே வந்தார். "வேணும்னா ஒண்ணு செய்யலாம் தலைவரே. பாப்பாவை அடுத்த மாநாட்டுல பேச வெப்போம். பாதிக்கப்பட்ட பெண்ணின் குரல். டிவிக்காரங்க லைவ் போடுவாங்க."

"பாதிக்கப்படலைன்னு இப்பத்தானே தீர்மானம் போட்டோம்," என்றார் சைமன்.

"பாதிக்கப்படாத பெண்ணின் குரல்னு போட்டுக்குவோம்," என்றார் கௌதமன்.

இத்ரீஸ் வெளியே வந்துவிட்டார். பேரவையின் ஆண்டறிக்கை அந்த மாதமே அச்சாகி வந்தது. 'பேரவை முன்னின்று நடத்திய சமத்துவத் திருமணங்கள்: ஒன்று' என்று அதில் இருந்தது. தீர்மானப்படி பார்த்தால் அது சரிதான்.

விஷயம் வெளியே போனதும் டிவியில் விவாதம் நடந்தது. நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். இதிலும் இத்ரீஸைக் கூப்பிடவில்லை, அவர் இடத்தில் சமூக ஆய்வாளர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். விவாதத்தின் முடிவில் தப்பு யார் மேல் என்று தெரியாவிட்டாலும், எந்த ஆட்சியில் தொடங்கியது என்பதில் மட்டும் பலத்த கருத்து வேறுபாடு நிலவியது.

மறுநாள் நெற்றியில் குங்குமத்தோடு இருவர் வீட்டுக்கு வந்தார்கள். வேறொரு சங்கத்துக்காரர்கள். ரொம்பவும் இரக்கமாகப் பேசினார்கள். "ஏனுங்க, எதுக்குங்க இந்தக் கஷ்டம்? தாய்மதம் திரும்பி வந்துருங்க. அங்க எல்லாரும் ஒண்ணுங்க. மேடை போட்டு விழா எடுக்கறோம். எல்லாச் சாதிக்காரரும் உங்களோட ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுவாங்க."

இத்ரீஸுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "பேனருல என்ன பேருங்க போடுவீங்க?" என்று கேட்டார்.

"இத்ரீஸ் (எ) ஐயாசாமி," என்றார் அதில் மூத்தவர், மிகவும் சந்தோஷமாக.

அவர்களுக்கும் மைமூன் காபி கொடுத்தாள். ஒருவர் குடித்தார். இன்னொருவர் விரதம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, ரிப்பேர் முடிந்த மோட்டார் ஒன்றை ஒப்படைக்க இத்ரீஸ் சிங்காநல்லூர் போக வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஜும்மா தொழுகை நேரம். பக்கத்தில் இருந்த பள்ளிவாசலுக்குள் நுழைந்து, கைகால் கழுவி ஒளுச் செய்து, நடுவரிசையில் போய் உட்கார்ந்தார். ஹஸ்ரத்தின் பயான் பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்து நின்றபோது அவருடைய இடது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"வரிசையைச் சரி செய்யுங்க," என்றார் ஹஸ்ரத் மைக்கில். "தோளோடு தோள் சேத்து நில்லுங்க. நடுவுல இடைவெளி விடாதீங்க."

கடையைச் சாத்திவிட்டுத் தாமதமாக ஓடிவந்த ஒருவர் அந்த இடத்தில் வந்து நின்றார். நின்ற பிறகுதான் பக்கத்தில் யாரென்று பார்த்தார். அது சிக்கந்தர். பின்வரிசைக்குப் போக வழியில்லை, அதற்குள் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார்கள்.

வரிசை நெருங்கியது. சிக்கந்தரின் தோள் இத்ரீஸின் தோளில் அழுந்தியது. காலின் சுண்டுவிரலோடு சுண்டுவிரல் உரசியது. இருவரும் ஒன்றாகக் குனிந்தார்கள், ஒன்றாக நெற்றியைத் தரையில் வைத்தார்கள். அப்படி ஸஜ்தாவில் இருக்கும்போது ஒரு விசும்பல் கேட்டது. தன்னுடையதா அவருடையதா என்று இத்ரீஸுக்கு முதலில் தெரியவில்லை. இந்த நிமிஷத்தில் இத்ரீஸுக்கு யார் மீதும் ஒரு வருத்தமும் இல்லை. இங்கே கட்டம் இல்லை, பேர் இல்லை, வகையறா இல்லை. இதற்காகத்தான் வந்தார். இது பொய்யில்லை. இது இவ்வளவு உண்மையாக இருப்பதுதான் அவரை அழவைத்தது. பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ உதறிவிட்டுப் போயிருப்பார்.

தொழுகை முடிகிற இடத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பி ஸலாம் சொல்ல வேண்டும். எல்லாரும் வலப்பக்கம் திரும்பினார்கள். சிக்கந்தரின் ஸலாம் இத்ரீஸின் பிடரியில் வந்து விழுந்தது. எல்லாரும் இடப்பக்கம் திரும்பினார்கள். இத்ரீஸின் ஸலாம் சிக்கந்தரின் பிடரியில் போய் விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சிக்கந்தர் உடனே எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார், "எனக்கு மூணு பொண்ணுங்க பாய்."

"தெரியுமுங்க."

"அஃபான் ஊட்டுல சோறு திங்கறதில்ல. அவங்கம்மா என்ற கூடப் பேசறதில்ல. என்னைய எல்லாரும் கெட்டவன்னு பாக்கறாங்க. ஒருத்தராச்சும் முன்னால வந்து, போனாப் போகுது, உன்ற பொண்ணுங்கள நாங்க கட்டிக்கறோம்னு சொன்னா நான் நாளைக்கே வந்து உங்க ஊட்டு வாசல்ல நிப்பேனுங்க. அந்த ஒருத்தரு இல்லீங்களே பாய்."

இத்ரீஸ் தலையை ஆட்டினார். சிக்கந்தர் எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தோடு வெளியே போனார். வாசலில் செருப்புத் தேடுகிற சத்தம் கேட்டது. வரிசை கலைந்து, ஆளுக்கு ஒரு திசையாகக் கடைகளுக்கும் வேலைகளுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

இத்ரீஸ் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் ஏந்தினார். சிக்கந்தரின் பெண்கள் மூன்று பேருக்கும் நல்ல இடம் அமைய வேண்டும், அவர்கள் யாருடைய பயத்துக்கும் பலியாகிவிடக் கூடாது என்று கேட்டார். பேர் தெரியாததால் மூத்தவள், நடுவுள்ளவள், இளையவள் என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகக் கேட்டார். அஃபான் சாப்பிட வேண்டும் என்று கேட்டார். அப்புறம் சாராவுக்கு வந்தார். நல்ல இடம் வேண்டும் என்று கேட்கலாம். நல்ல இடம் வந்தது. நல்ல மனிதர்கள் வேண்டும் என்று கேட்கலாம். அவர்களும் நல்ல மனிதர்களாகத்தான் இருந்தார்கள். இன்னும் என்ன இருக்கிறது கேட்பதற்கு என்று யோசித்து யோசித்துப் பார்த்தார், ஒரு வார்த்தையும் வரவில்லை. பள்ளிவாசலைக் கூட்டுகிறவர் விளக்குமாற்றோடு வந்து பக்கத்தில் நின்ற பிறகும், அவர் கை ஏந்தியபடியே இருந்தது.